மரைன் கிளே (கடல் களிமண்): எஸ்ஐ (மண் ஆய்வு) ரிப்போர்ட்டில் மூன்று விதமான எண்கள், டிசைனுக்கு எதை எடுப்பது?

காலாங்காரன் | செவ்வாய், இரவு 10.42

வணக்கம். சிங்கப்பூரில் லாவண்டர் பக்கம் ஒரு பேஸ்மென்ட் வேலை. 9 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். ஷீட் பைல் சுவர் (மண்ணில் இறக்கிய எஃகுத் தகடுகள்), நான்கு அடுக்கு ஸ்ட்ரட் (சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம்). நான்கு போர்ஹோல் (ஆய்வுத் துளை) போட்டிருக்கிறார்கள். மேலே 3 மீட்டர் நிரப்பு மண், அங்கிருந்து 14 மீட்டர் வரை மேல் மரைன் கிளே, பிறகு கெட்டியான இடை அடுக்கு, 17 முதல் 27 வரை கீழ் மரைன் கிளே, அதற்கும் அடியில் ஓல்ட் அலுவியம் (கெட்டியான பழைய வண்டல்). காலாங் ஆற்றங்கரையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும்.

என் குழப்பம் மேல் மரைன் கிளேயில். அதன் வடிகாலற்ற வெட்டு வலிமைக்கு (தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் வெட்டுப்படும்போது மண் தாங்கும் அளவு), நாம் சியூ என்று சொல்வதற்கு, ரிப்போர்ட்டில் இருப்பவை இவை:

வேன் டெஸ்ட் (மண்ணில் இறக்கிய இலைத் தகட்டைச் சுழற்றிப் பார்ப்பது): 5 மீட்டரில் 19, 8-ல் 21, 11-ல் 29, 13-ல் 31 கிலோபாஸ்கல்.
லேபில் செய்த யூயூ டெஸ்ட் (மாதிரியை நீர் வடியவிடாமல் அழுத்தி உடைப்பது), எட்டு மாதிரிகள்: 9, 14, 31, 12, 20, 17, 26, 11.
எஸ்பிடி (சுத்தியல் அடி எண்ணிக்கை): 0, 1, 0, 2, 1.

யூயூ எண்களைக் கூட்டி எட்டால் வகுத்தால் 17.5. அதையே முழு அடுக்குக்கும் போடு என்கிறார் என் லீட். 6 மீட்டரைத் தாண்டிய தோண்டல் என்பதால் ஜியோ செக்கர் (மண் கணக்கைத் தனியாகச் சரிபார்க்கும் என்ஜினியர்) உண்டு. அவர் ஒரே வரியில் "17.5 எங்கிருந்து வந்தது, விளக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். விளக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே அது புரியவில்லை என்று தெரிந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் வேலன் | செவ்வாய், இரவு 11.15

நாங்கள் மேற்குப் பக்கத்தில் எஸ்பிடி எண்ணை 5-ஆல் பெருக்கி சியூ எடுப்போம். பல வருடமாகச் சரியாகத்தான் வருகிறது. உங்களுக்கு 2 வந்த இடத்தில் 10 கிலோபாஸ்கல். குறைந்த எண்ணை எடுத்தால் பாதுகாப்புதானே?

தெம்பனிஸ் தமிழச்சி | புதன், காலை 6.50

வேலன், அந்த 5 என்ற பெருக்கம் கெட்டியான களிமண்ணில் பார்த்து எடுத்தது. ஜூரோங்கில் மக்கிய பாறை மண்ணுக்கு அது உதவுவதை நானும் பார்த்திருக்கிறேன். மரைன் கிளேயில் உதவாது. எஸ்பிடி என்பது 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. இந்தக் களிமண்ணில் பல இடங்களில் ராடும் சுத்தியலும் தம் எடையிலேயே இறங்கிவிடும். 0-ஐ எதால் பெருக்கினாலும் 0. 1-க்கும் 2-க்கும் நடுவில் சியூ இரட்டிப்பாகிறது, ஆனால் அந்த ஓர் அடி வித்தியாசம் மண்ணால் வந்ததா சுத்தியலை விட்டவர் கையால் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? "இங்கே மண் மிக மெல்லியது" என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

காலாங்காரன் தம்பி, உங்கள் எண்களை ஆழத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். வேனுக்கு ஆழம் கொடுத்தீர்கள், யூயூவுக்குக் கொடுக்கவில்லை. சராசரி எடுக்கும்போது நடந்ததும் இதுதான். கிராஃப் தாளை எடுத்து, கீழ்நோக்கி ஆழம், பக்கவாட்டில் சியூ என்று எல்லாப் புள்ளிகளையும் ஒரே படத்தில் வையுங்கள். வேன் ஒரு நிறம், யூயூ ஒரு நிறம், ஒவ்வொரு போர்ஹோலுக்கும் ஒரு குறி.

அப்புறம் அதே படத்தில் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை (மொத்த அழுத்தத்தில் நீரழுத்தம் போக மண் துகள்கள் தாங்குவது) கணக்கிட்டு ஒரு கோடு போடுங்கள். நிலத்தடி நீர் 2 மீட்டரில் என்றும், நிரப்பு மண் கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டன், களிமண் 16 என்றும் வைத்துக்கொள்வோம். களிமண்ணின் தலைப்பில் 47 கிலோபாஸ்கல், 8 மீட்டரில் 78, 13 மீட்டரில் 109 வரும். இயல்பாக ஒருங்கிய (இப்போதைய சுமைக்கு மேல் முன்பு தாங்காத) களிமண்ணில் சியூ, இந்த எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸில் ஏறக்குறைய 0.22 மடங்கு. மண் பொறியியல் ஆய்வாளர் மெஸ்ரி சொன்ன எண், நம் காலாங் மண்ணிலும் பொருந்தி வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் களிமண்ணின் தலைப்பில் 10, 8 மீட்டரில் 17, 13 மீட்டரில் 24. பார்த்தீர்களா, ஒரே அடுக்குக்குள் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. இதற்கு 17.5 என்று ஒரே எண் கொடுத்தால் மேலே மண்ணிடம் இல்லாத வலுவை இருப்பதாகச் சொல்கிறீர்கள். கீழே இருக்கும் வலுவைத் தூக்கி எறிகிறீர்கள். உங்கள் தோண்டல் மட்டத்துக்குக் கீழே 9 முதல் 14 வரை உள்ள மண்தான் சுவரின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது. அடித்தளம் மேலெழும்பாமல் தடுப்பதும் அதுதான். அந்த இடத்துக்கு என்ன வலிமை என்பது உங்கள் கேள்வி, அடுக்கின் சராசரி என்ன என்பது வேறு கேள்வி.

வேனைத் திருத்தாமல் எடுக்காதீர்கள். வேன் வேகமாகச் சுழற்றுகிறது, களிமண் அதனால் கூடுதல் வலிமை காட்டும். பெரும் வேலையில் மண் மெதுவாகத்தான் உடையும். பியெரம் 1972-ல் கொடுத்த திருத்தம் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸை (களிமண் குழைவாக இருக்கும் ஈரப்பத இடைவெளி) பொறுத்தது. 50 என்றால் ஏறக்குறைய 0.78. உங்கள் நான்கு எண்களும் 14.8, 16.4, 22.6, 24.2 ஆகும். கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழியில் சரிபார்க்க ஸ்கெம்ப்டனின் சூத்திரம் இருக்கிறது: 0.11-உடன் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸின் 0.0037 மடங்கைக் கூட்ட வேண்டும். 50-க்கு 0.295 வரும். அது வேன் அடிப்படையில் வந்தது, எனவே 0.78-ஆல் பெருக்கினால் 0.23. இரண்டு வழிகள் ஒரே இடத்தில் சேரும்போது எனக்கு நம்பிக்கை வரும்.

புதுக்கோட்டை ரிக் | புதன், மதியம் 1.05

மேடம் சொன்னது எல்லாம் சரி. நான் டிரில்லிங் சூப்பர்வைசர், இந்த ஊரில் பதினேழு வருடம். தம்பியிடம் சில கேள்விகள்.

டியூப் எடுத்தது பிஸ்டன் சாம்பிளரா, சும்மா திறந்த டியூபா? மெல்லிய சுவர் டியூபா? சாம்பிள் எடுக்கும் முன் துளையை எவ்வளவு ஆழம் வரை தண்ணீர் விட்டுக் கழுவினார்கள்? ரெகவரி எத்தனை சதவீதம் என்று லாக்கில் இருக்கும், 600 மில்லிமீட்டர் அழுத்தி 400 வந்திருந்தால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம். டியூப் லேபுக்குப் போக எத்தனை நாள் ஆனது?

ஏன் கேட்கிறேன் என்றால், முன்பு ஒரு கம்பெனியில் இரண்டு நாளில் மூன்று துளை முடிக்கச் சொன்னார்கள். நாங்களும் முடித்தோம். டியூபை மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டிய இடத்தில் அவசரமாக அழுத்தினோம். வெளியே எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் காத்திருந்து, திருகி, மெதுவாக இழுக்க வேண்டும். அதற்கும் நேரம் தரவில்லை. டியூபுகள் மெழுகு வைத்து மூடியும் மதியம் வரை லாரித் தளத்தில் வெயிலில் படுத்துக் கிடந்தன. அந்த மண்ணை லேபில் சோதித்து ரிப்போர்ட்டில் ஒரு எண் எழுதியிருப்பார்கள், யாரோ ஒரு என்ஜினியர் அதை நம்பி ஸ்ட்ரட் போட்டிருப்பார். அது எனக்கு இன்றும் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் இப்போது என் ரிக்கில் எத்தனை மணிக்கு அழுத்தினோம், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று லாக்கில் எழுத வைக்கிறேன்.

உங்கள் 9, 11, 12 எல்லாம் கலைந்த மாதிரியாக இருக்கலாம். 31 எனக்கு அதைவிடச் சந்தேகம். சிப்பி ஓடு மாட்டியிருக்கலாம், அல்லது வேறு மண்.

காலாங்காரன் | புதன், இரவு 9.30

அக்கா, அண்ணே, இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை முழுக்க இதிலேயே இருந்தேன்.

படம் வரைந்ததும் வேன் புள்ளிகள் நான்கும் 0.22 கோட்டை ஒட்டியே இறங்குகின்றன. 8 மீட்டரில் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் விழுகிறது. யூயூ புள்ளிகள் பெரும்பாலும் கோட்டுக்கு இடப்பக்கம் சிதறிக் கிடக்கின்றன.

31 எங்கே தெரியுமா? இரண்டாவது போர்ஹோலில் 14.2 மீட்டரில். அண்ணன் சந்தேகப்பட்டதும் அதன் ஈரப்பதத்தைப் பார்த்தேன்: 38 சதவீதம். மேல் மரைன் கிளேயில் மற்ற எல்லா மாதிரிகளும் 58-லிருந்து 68-க்குள். லாக்கில் அந்த ஆழத்துக்கு "சாம்பல் நிற மென்களிமண்" என்று போட்டிருக்கிறது, ஆனால் லேப் தாளில் மாதிரியின் நிறம் "சிவப்புப் புள்ளிகளுடன் இளஞ்சாம்பல்". அது இடை அடுக்குதான், இல்லையா?

டியூப் பிஸ்டன் இல்லை. ரெகவரி மூன்று மாதிரிகளில் 70 சதவீதத்துக்கும் கீழே.

தெம்பனிஸ் தமிழச்சி | புதன், இரவு 10.10

அது இடை அடுக்கேதான். பனியுகத்தில் கடல் பின்வாங்கியபோது கீழ் மரைன் கிளேயின் மேற்பரப்பு வெளியே தெரிந்து, வெயிலில் காய்ந்து, இரும்புச் சத்து துருவேறிச் சிவந்தது. பிறகு கடல் திரும்பி வந்து, கடந்த 10,000 ஆண்டுகளில் மேல் மரைன் கிளே படிந்தது. ஆகவே சிவப்புப் புள்ளியும் குறைந்த ஈரப்பதமும் சேர்ந்து வந்தால் ஐயமே வேண்டாம். வேறு மண்ணின் வலிமையை இந்த மண்ணின் சராசரியில் சேர்த்திருக்கிறார்கள். கலைந்த மாதிரிகள் எண்ணைக் கீழே இழுத்தன, இது மேலே தள்ளியது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி 17.5 என்று பார்க்க நியாயமான ஒரு எண் வந்துவிட்டது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. தவறான எண்களிலிருந்து வந்த சராசரி தவறாகத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஈரப்பதம் எடுப்பதைப் போல மலிவான, நேர்மையான சோதனை வேறு இல்லை.

லேப் மேசை | புதன், இரவு 11.20

லேபில் இருந்து ஒரு வார்த்தை. மாதிரி எவ்வளவு கலைந்தது என்று கண்டுபிடிக்க ஈடோமீட்டர் (மாதிரியை அழுத்தி எவ்வளவு ஒருங்குகிறது என்று அளப்பது) தாளே போதும். மாதிரி தரைக்கடியில் இருந்தபோது தாங்கிய எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் வரை மீண்டும் அழுத்தும்போது வெற்றிட விகிதம் (துகள்களின் கன அளவுக்கு இடைவெளி எத்தனை மடங்கு என்பது) எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். நல்ல மாதிரி என்றால் அந்தக் குறைவு, தொடக்க விகிதத்தில் 0.04-க்குள் இருக்கும். 0.07-ஐத் தாண்டினால் மோசம், 0.14-ஐத் தாண்டினால் தூக்கிப் போட வேண்டியது. லுன்னேயும் உடனிருந்தவர்களும் கொடுத்த அளவுகோல் இது.

உங்கள் ஈரப்பதம் 64 என்றால் தொடக்க வெற்றிட விகிதம் 1.73 அளவில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அது மிகவும் விலகி இருந்தால் முதலில் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாங்கள் பதில் சொல்வோம், யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

கலைந்த மாதிரியில் முன்னொருங்கல் அழுத்தமும் (மண் முன்பு தாங்கிய அதிகபட்ச அழுத்தம்) குறைவாகவே தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண் படிக்கும் மாணவி | வியாழன், காலை 8.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கடைசி ஆண்டு சிவில் படிக்கிறேன். எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்தான் மண்ணின் உண்மையான நடத்தை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படியானால் சியூவுக்கு இவ்வளவு போராடாமல், உராய்வுக் கோணம் 22 பாகை என்று மென்பொருளில் கொடுத்து, "வடிகாலற்றது" என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அதுவே சியூவைக் கணக்கிட்டுக்கொள்ளாதா?

தெம்பனிஸ் தமிழச்சி | வியாழன், இரவு 8.40

கணக்கிடும் அம்மா. தவறாகக் கணக்கிடும். இதற்கு நான் நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் இரவு வரை காத்திருந்தேன்.

மோர்-கூலும் என்ற கணக்கு மாடலில் மண் உடையும் வரை மீள்தன்மையோடு இருக்கும். அதனால் வடிகாலற்ற நிலையில் சராசரி எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் மாறாமல் அப்படியே நின்று, அழுத்தப் பாதை (படத்தில் அழுத்தம் நகரும் கோடு) நேராக மேலே ஏறி உடைவுக் கோட்டைத் தொடும். உண்மையான மென்களிமண் அப்படி இல்லை. வெட்டும்போது சுருங்கப் பார்க்கும், தண்ணீர் வெளியேற வழியில்லாததால் நீரழுத்தம் ஏறும், எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் குறையும், பாதை இடப்பக்கம் வளைந்து மிகவும் கீழேயே உடைவுக் கோட்டைத் தொடும்.

எண்ணில் பார். கோணம் 22 என்றால் சைன் 0.375. கே-நாட் (பக்கவாட்டு அழுத்தம் செங்குத்தில் எத்தனை மடங்கு என்பது) 1-லிருந்து அதைக் கழித்தால் 0.625. செங்குத்துக்கும் பக்கவாட்டுக்கும் சராசரி 0.81. அதை 0.375-ஆல் பெருக்கினால் 0.30. மென்பொருள் உனக்குத் தரும் சியூ, எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸில் 0.30 மடங்கு. மண்ணிடம் இருப்பது 0.22. 13 மீட்டரில் இருப்பது 24, உன் கணக்கில் 33. எந்த இடத்திலும் எச்சரிக்கைச் செய்தி வராது. வண்ணப் படம் அழகாகத்தான் வரும்.

இதற்கு மெதட் ஏ என்று பெயர். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வட்டப் பாதை எம்ஆர்டி ரயிலுக்காக ஏறக்குறைய 33 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்த இடம். நான்கு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு ஸ்ட்ரட்டும் வேலரும் (சுவரை ஒட்டிப் படுக்கும் உத்தரம்) சேரும் இணைப்பு பலவீனமாக வடிவமைக்கப்பட்டதைக் குறிப்பிட்டது. அதோடு, சுவரின் கணக்கில் மரைன் கிளேக்கு இந்த மெதட் ஏ பயன்பட்டதால் மண்ணின் வலிமை கூட்டியும், சுவரின் நகர்வும் விசையும் குறைத்தும் மதிப்பிடப்பட்டன என்பதையும் எழுதி வைத்தது. தம்பி வேலை செய்யும் லாவண்டரிலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம்தான். அதே களிமண்.

அதனால் சியூவை நேரடியாகக் கொடு, ஆழத்தோடு கூடும்படி கொடு. மென்களிமண்ணின் நடத்தையைப் பிடிக்கும் மேம்பட்ட மாடலைப் பயன்படுத்தினாலும், அது தரும் சியூவை எடுத்து உன் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் விடாதே.

ஜூரோங் வேலன் | வியாழன், இரவு 9.55

படித்தேன். 5-ஆல் பெருக்குவது எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடம் நான் கேட்டதில்லை, இப்போது தேடிப் படிக்கிறேன். அடுத்த மாதம் புக்கிட் தீமா பக்கம் ஒரு சரிவு வேலை வருகிறது, கிரானைட் மக்கிய மண். அங்கே?

தெம்பனிஸ் தமிழச்சி | வியாழன், இரவு 10.20

அங்கே எஸ்பிடி உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் திடீரென்று 80, 100 என்று வந்தால் பாறை வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், மக்காத உருண்டைக் கல்லின் மேல் அடித்திருக்கலாம். 5 மீட்டராவது கோர் எடுத்துப் பாருங்கள். மாதிரிக்கு மேஸியர் டியூப் (மண்ணை அதிகம் கலைக்காமல் எடுக்கும் குழாய்) கேளுங்கள். சரிவு என்பதால் எஃபெக்டிவ் கோஹிஷனும் (மண்ணின் பிணைப்பு) உராய்வுக் கோணமும்தான் முக்கியம், அதற்கு நீரழுத்தம் அளக்கும் சியூ வகை டிரையாக்ஸியல் (மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி உடைக்கும் சோதனை) வேண்டும். ஒரே பெயரில் இரண்டு சியூ இருப்பதால் பேசும்போது குழம்பாதீர்கள், இது சோதனையின் பெயர். மூன்று புள்ளிகளில் கோடு போட்டு வரும் கோஹிஷனை அப்படியே எடுக்க வேண்டாம், மழைக்காலத்தில் சரிவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு எண்தான். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

காலாங்காரன் | வெள்ளி, இரவு 7.15

யூரோகோட் 7 (மண் வடிவமைப்பு விதிநூல்) கேட்கும் கேரக்டரிஸ்டிக் மதிப்பில் நிற்கிறேன். "வரம்பு நிலையைப் பாதிக்கும் மதிப்பின் எச்சரிக்கையான கணிப்பு" என்பது அதன் வரையறை. ஷ்னைடர் சொன்னபடி சராசரியிலிருந்து பாதி திட்ட விலக்கம் கழித்துப் பார்த்தேன். சியூவை நேராக எடுக்காமல் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸால் வகுத்த விகிதத்தில் செய்தேன்: வேன் விகிதங்கள் 0.249, 0.210, 0.234, 0.222. சராசரி 0.229, விலக்கம் 0.017. பாதியைக் கழித்தால் 0.22. நான்கே புள்ளிகள் என்பதால் இதை வெறும் சரிபார்ப்பாக மட்டும் வைக்கலாமா?

தெம்பனிஸ் தமிழச்சி | வெள்ளி, இரவு 8.30

சரியாகச் செய்திருக்கிறீர்கள். விகிதத்தில் செய்ததுதான் இதில் அழகு. ஆழத்தால் வரும் மாற்றத்தை நீக்கிவிட்டு மிச்சமிருக்கும் சிதறலை மட்டும் பார்த்தீர்கள். நேராக 14.8 முதல் 24.2 வரை விலக்கம் கண்டிருந்தால் மண்ணின் இயல்பான போக்கையே ஐயப்பாடு என்று எண்ணியிருப்பீர்கள்.

ஆம், நான்கு புள்ளிகளில் புள்ளியியல் தனியாக நிற்காது. மெஸ்ரி, ஸ்கெம்ப்டன், வேன் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன என்று செக்கருக்கு எழுதுங்கள். இங்கே எச்சரிக்கையைச் சேர்த்தாயிற்று. யூரோகோட்டின் இரண்டாவது சேர்க்கையில் (பாதுகாப்புக் குணகங்களின் தொகுப்பு) சியூவை 1.4-ஆல் வகுக்கப் போகிறீர்கள். இதற்கிடையே "பாதுகாப்புக்காக" இன்னொரு தரம் குறைக்காதீர்கள். சுவர் நகர்வைக் கணிக்கும்போது விறைப்புக்கு நம்பத்தகுந்த நடு மதிப்பை எடுங்கள், பிறகு இன்க்ளினோமீட்டரோடு (சுவர் நகர்வதை அளக்கும் கருவி) ஒப்பிட அதுதான் பயன்படும்.

கிளையன்ட் சம்மதித்தால் நீரழுத்தம் அளக்கும் கோன் டெஸ்ட் இரண்டு போடுங்கள். அதற்கான என்கேடி (கோன் அளவைச் சியூவாக மாற்றும் எண்) 10 முதல் 20 வரை எங்கும் இருக்கலாம், ஆகவே உங்கள் வேனை வைத்து அளவு திருத்திக்கொள்ளுங்கள். இடை அடுக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் தெரியும்.

8 மீட்டரில் வேன் கொஞ்சம் இடப்பக்கம் விழுகிறது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். அடுக்கின் நடுப்பகுதி அது. மேலே எப்போதாவது புதிதாக மண் போட்டார்களா?

புதுக்கோட்டை ரிக் | வெள்ளி, இரவு 9.00

பைசோமீட்டர் (மண்ணில் நீரழுத்தம் அளக்கும் கருவி) வைத்திருக்கிறார்களா தம்பி? வைத்த மறுநாள் எடுத்த ரீடிங்கை நம்பாதீர்கள். களிமண்ணில் நிலைக்கு வர நாளாகும், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். தொடர்ந்து மூன்று ரீடிங் ஒரே மாதிரி வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலாங்காரன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

தாமதத்துக்கு மன்னியுங்கள். அக்கா கேட்டது சரியான கேள்வி. எட்டு வருடம் முன்பு வாகன நிறுத்தத்துக்காக அந்த நிலத்தில் அரை மீட்டர் மண் கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். பைசோமீட்டர் 8.5 மீட்டரில் இருக்கிறது. ரீடிங் நிலைக்கு வந்து மூன்று முறை எடுத்தோம். நிலத்தடி நீர்மட்டம் காட்டுவதைவிட 0.6 மீட்டர் கூடுதல், அதாவது 6 கிலோபாஸ்கல். அந்த மண்ணின் சுமையைக் களிமண்ணின் நடுப்பகுதி இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

8 மீட்டரில் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை 78-லிருந்து 72 ஆக்கினேன். வேன் 16.4-ஐ அதால் வகுத்தால் 0.228. தனியாக விழுந்த புள்ளி மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

இப்போது டிசைனில் 0.22 மடங்குதான், ஆனால் அளந்த நீரழுத்தத்தோடு. 8.5 மீட்டரில் 17.8 இருந்த இடத்தில் 16.5. இடை அடுக்கு தனியாக, இரண்டாவது போர்ஹோல் லாக்கைத் திருத்தித் தரச் சொல்லி எழுதியாயிற்று. யூயூ எண்கள் படத்தில் இருக்கின்றன, பக்கத்தில் ஒவ்வொன்றின் ரெகவரியும் ஈரப்பதமும் எழுதியிருக்கிறேன். லீட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழ் மரைன் கிளேக்கும் இதே போல ஒன்று வரையச் சொன்னார். வெள்ளிக்கிழமை செக்கருக்கு அனுப்பினோம். ஸ்ட்ரட் மூன்றாவது அடுக்கில் அளவு ஒரு படி கூடியிருக்கிறது.